இழுக்காத எஞ்சின்: கேமரன் மலையின் பழைய பெட்ரோல் வண்டிகளும் நூறாண்டு விளக்கங்களும்

பழைய பெட்ரோல் எஞ்சின் ஏன் இழுவை இழக்கிறது? இந்தக் கேள்விக்கு மோட்டார் வண்டி பிறந்த நாளிலிருந்தே விடை சொல்லி வருகிறார்கள். ஒரு காலத்தில் கரி மேல் பழி விழுந்தது, பிறகு ஸ்பார்க் மேல், அதன்பின் பெட்ரோலில் கலந்த ஈயம் போனதன் மேல். இன்று இந்தியாவில் எத்தனால் மேல் விழுகிறது. மலைப்பிரதேசங்களில் மட்டும் எந்தக் காலத்திலும் மாறாத ஒரு விடை உண்டு: உயரம். ஒவ்வொரு விடையிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த அளவு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய எந்தச் சோதனை உதவும் என்று கேட்பதும் இக்கட்டுரையின் வேலை.

## களம்

மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலை இக்கேள்விக்குப் பொருத்தமான இடம். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவை செய்த இந்த மேட்டுநிலத்தில், ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை அழித்து, செங்குத்தான சரிவுகளில் தேயிலை நட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர்கள். இங்குள்ள ஊர்களில் ரிங்லெட் கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர். பிரிஞ்சாங் அதைவிட உயரம். அதன் பெயர் கொண்ட சிகரம் 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. அடிவாரத்துத் தாப்பா கிட்டத்தட்ட சமவெளி.

இங்கே வயல் டிராக்டரின் வேலையைச் செய்வது பெரும்பாலும் பழைய லேண்ட் ரோவர். அது தற்செயல் அல்ல. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வண்டி அறிமுகமானபோதே, டிராக்டருக்கும் சிறு லாரிக்கும் இடைப்பட்ட விவசாய வண்டியாகத்தான் அதை வடிவமைத்திருந்தார்கள். எஞ்சின் சக்தியை வெளியே எடுத்து மற்ற இயந்திரங்களை ஓட்டும் வசதியும் அதில் இருந்தது. படைகள் கழித்துவிட்ட வண்டிகள் பல இந்த மலைக்கு வந்து சேர்ந்தன. காய்கறிக் கூடைகளையும் உர மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. 1958 முதல் வந்த 2,286 சி.சி. பெட்ரோல் எஞ்சின்தான் இக்குடும்பத்தில் அதிகம் அறியப்பட்டது. நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் என்று அதன் அமைப்பு அக்காலத்து பெட்ரோல் டிராக்டர் எஞ்சின்களின் அமைப்புதான். ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி ஒரு பழைய ஃபெர்குசன் டிராக்டருக்கும் பொருந்தும்.

தேயிலைக்கு இழுவை ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிள்ளிய கொழுந்து மூட்டையில் நெருங்கிக் கிடந்தால் சூடேறிக் கன்றிவிடும். அன்றைக்கே ஆலைக்குப் போய், வாட்டும் தொட்டியில் பரவியாக வேண்டும். பாதி மேட்டில் திணறி நிற்கும் வண்டியால் டிரைவருக்கு வருவது தொல்லை மட்டும். தோட்டத்துக்கு அன்றைய தேயிலையின் தரமே போகிறது.

## உயரம் எவ்வளவு தின்கிறது

மலையில் வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் கேட்கும் விளக்கம், ‘மேலே காற்று குறைவு’ என்பது. இது உண்மை. எவ்வளவு உண்மை என்பதுதான் கேள்வி.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். 1,500 மீட்டரில் ஏறக்குறைய 850. ஆனால் மேலே காற்று குளிர்ந்திருப்பதால் அடர்த்தி அந்த விகிதத்தில் குறைவதில்லை. தாப்பாவில் 32 டிகிரி வெயிலில் இருக்கும் காற்றையும் பிரிஞ்சாங்கில் 20 டிகிரியில் இருக்கும் காற்றையும் ஒப்பிட்டால், அடர்த்தி ஏறத்தாழ 13 விழுக்காடு குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் தோராயமாக அதே அளவு குறையும். கீழே 70 குதிரைசக்தி தரும் எஞ்சின் மேலே 60க்குச் சற்று மேல் தரும்.

இதோடு இன்னொரு இழப்பும் உண்டு. சாதாரண கார்புரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. அது காற்றின் ஓட்டத்தால் உண்டாகும் அழுத்த வேறுபாட்டை மட்டும் பார்த்து பெட்ரோலை விடுகிறது. காற்று மெலிந்தால் பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. கணக்கிட்டால் கலவை ஏறத்தாழ 7 விழுக்காடு அடர்ந்துவிடுகிறது. அதனால்தான் மேட்டுநிலங்களில் ஓடும் வண்டிகளுக்குச் சிறிய மெயின் ஜெட் போடும் பழக்கம் பழைய கார்புரேட்டர் காலத்திலேயே இருந்தது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் தீ சற்று மெதுவாகப் பரவும் என்பதால், ஸ்பார்க் டைமிங்கை ஓரிரு டிகிரி முன்னால் வைப்பதும் வழக்கம்.

உயர விளக்கத்தின் பலம் இந்த இரண்டு கணக்குகளிலும் இருக்கிறது. பலவீனமும் இவற்றிலேயே தெரிகிறது. உயரம் சக்தியில் எட்டில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் கியரில் ஏறிய மேட்டை முதல் கியரில்கூட ஏற முடியவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை இந்த எட்டில் ஒரு பங்கு விளக்காது. அதைவிட முக்கியமானது, உயரம் மாறுவதில்லை. போன ஆண்டு மலைமேலுள்ள கம்போங் ராஜாவில் நன்றாக இழுத்த வண்டி இந்த ஆண்டு அதே கம்போங் ராஜாவில் திணறினால் மலையைக் குற்றம் சொல்ல இடமில்லை. மூன்றாவதாக, உயரம் நான்கு சிலிண்டரையும் ஒரே மாதிரிதான் பாதிக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கிலும் பீங்கான் ஒரே சீராகக் கறுத்து, உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவை அடர்வு என்று சந்தேகிக்கலாம்; உயரமும் அதில் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று பிளக் பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால் கோளாறு அந்த ஒரு சிலிண்டரில். அங்கே உயரத்தைப் பேசுவது நேரத்தை வீணாக்குவதுதான்.

மோட்டார் வண்டிக் காலம் முழுவதும் மலைப்பகுதி மெக்கானிக்குகள், நீலகிரியிலும் நுவரெலியாவிலும் கூட, உயர விளக்கத்தையே முதலில் கையில் எடுத்ததற்கு ஒரு காரணம் ஊகிக்கலாம். அதை ஏற்றுக்கொண்டால் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

## ஸ்பார்க்கா, பெட்ரோலா

இரண்டாவது பெரிய சர்ச்சைக்கு நூறாண்டு வயது. கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் பேட்டரி இக்னிஷனையும், 1912 மாடலில் செல்ஃப் ஸ்டார்ட்டரையும் கொண்டுவந்தார். அந்த எஞ்சின்களில் ‘நாக்கிங்’ சத்தம் கேட்டபோது, புது இக்னிஷன்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். கெட்டரிங்கின் ஆய்வகத்தில் 1916இல் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி, எரிதலின்போது சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதை ஆராய்ந்தார். ஸ்பார்க் விழுந்த பிறகுதான் அந்த அழுத்தத் தாவல் வருகிறது என்று கண்டார். குற்றவாளி எரிபொருள் என்ற முடிவுக்கு வந்தார். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும் தனியாக அதே திசையில் ஆராய்ந்தார். அளந்து பார்த்துப் பழியை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றிய முன்னோடி நிகழ்வு அது. பட்டறை வழக்கத்துக்கு அது கற்றுத் தந்தது இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பது என் எண்ணம்.

இன்று பட்டறைகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். வண்டி ‘மிஸ்ஸிங்’ அடித்தால் முதலில் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். ஆனால் அனுபவமுள்ள போர்மேன்கள், குறிப்பாகப் பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் வேலை செய்தவர்கள், கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் பெரும்பகுதி கரண்ட் கோளாறுதான் என்று சொல்வதுண்டு. எண்ணிக்கையை யாரும் முறையாக எடுத்ததாகக் கொள்ள வேண்டாம். என்றாலும் அதில் தர்க்கம் இருக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். பாயிண்டைத் தள்ளும் பேக்கலைட் குதிகால் தேயத் தேய அந்த இடைவெளி சுருங்குகிறது, டைமிங் பின்தங்குகிறது. பின்தங்கிய டைமிங்கோடு ஓடும் எஞ்சின் சூடாகும், பெட்ரோல் குடிக்கும், இழுக்காது. மூன்றும் கார்புரேட்டர் கோளாறு போலவே தோன்றும்.

வேக்கம் அட்வான்ஸ் டயஃப்ரம் கிழிந்தாலும் இதே கதைதான். அதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். கார்புரேட்டர் பக்கம் ரப்பர் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினால், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். காற்று தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் போய்விட்டது. பல வண்டிகளில் அக்குழாயே இல்லாமல், வாயை ஒரு போல்ட்டால் அடைத்து வைத்திருப்பதும் உண்டு.

ஈரம் இங்கே தனிப் பிரச்சினை. இந்த மலையில் மூடுபனி வழக்கம், மழையும் அதிகம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால், ஈரமும் கரியும் சேர்ந்து கரண்டுக்குக் குறுக்கு வழி அமைக்கும். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் நீலக் கீற்று ஓடுவது தெரியும். மதியம் சரியாக ஓடிவிட்டு, காலைப் பனியில் மட்டும் திணறும் வண்டியில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு விடையாக வந்த எலக்ட்ரானிக் இக்னிஷன் பாயிண்ட் தேய்மானத்தை ஒழிக்கிறது. அதன் மேல் உள்ள எதிர்ப்பும் நியாயமானதே. பாயிண்ட் கெட்டால் மலைப்பாதையில் வைத்தே உப்புத்தாளால் தேய்த்து வீடு சேரலாம். மின்னணுத் தொகுதி செத்தால் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும். இப்போது கிடைக்கும் மாற்றுக் கண்டென்சர்கள் பழையவை போல உழைப்பதில்லை என்ற புகார் உலகெங்கும் உள்ள பழைய வண்டிக்காரர்களிடம் இருக்கிறது. அதனால் பாயிண்ட் பக்கத்து வாதமும் முன்பிருந்த பலத்தோடு இல்லை.

## ஈயம் போனதும் ஆக்டேனும்

1921 டிசம்பரில் மிட்ஜ்லி குழு நாக்கிங்குக்கு மருந்தாக டெட்ரா எத்தில் ஈயத்தைக் கண்டது. 1923 பிப்ரவரியில் ஓஹாயோவின் டேட்டன் நகரில் ஈய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதன் நஞ்சு மனிதருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இழைத்த கேடு எஞ்சின் பேச்சைவிடப் பெரியது. இந்தியா 2000 பிப்ரவரியில் அதை நாடு முழுவதும் நிறுத்தியது, இலங்கை 2002இல். கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியதோடு உலகில் வாகனங்களுக்கான ஈய பெட்ரோல் முடிந்தது.

எஞ்சினைப் பொறுத்தவரை ஈயத்துக்கு இரண்டாவது வேலையும் இருந்தது. அதன் கூட்டுப்பொருள்கள் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று, சூட்டில் இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தன. படலம் போனதும் வால்வு இருக்கை அமிழ்ந்து, கம்ப்ரஷன் போய், வண்டி இழுக்காமல் போகும் என்ற அச்சம் பரவியது. பழைய வண்டி இழுக்கவில்லை என்றால் ‘ஈயம் இல்லாத பெட்ரோல்தான் காரணம்’ என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது.

இந்த அச்சத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. 1980களின் நடுவில் அங்கே விவசாயிகளின் கவலைக்குப் பதிலாக, வேளாண் துறையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து பழைய பண்ணை எஞ்சின்களை ஈயமில்லாத பெட்ரோலில் நெடுநேரம் ஓட்டிப் பார்த்தன. ஜான் டியர் ‘பி’, ஃபார்மால் ‘எச்’, ஃபோர்டு 8என் போன்ற சிறு டிராக்டர் எஞ்சின்களும் அவற்றில் இருந்தன. அதிக வேகத்தில், அதிகப் பாரத்தில் ஓடிய எஞ்சின்களில்தான் வால்வு இருக்கைத் தேய்மானம் தீவிரமாக வந்தது. மெதுவாக, மிதமாக ஓடியவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. கடினமாக்கிய இருக்கை பொருத்துவது நல்ல காப்பு என்பதும் தெரிந்தது.

தேயிலைத் தோட்டத்து வண்டி நெடுஞ்சாலையில் ஓடுவதில்லை. தாழ்ந்த கியரில் ஏறி, வரிசை வரிசையாக நின்று மூட்டை ஏற்றி, மெல்ல இறங்குகிறது. எஞ்சின் சுற்று குறைவாக இருப்பது அதற்குச் சாதகம், ஆனால் பாரம் அதிகம். அந்த ஆய்வின் இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் இந்த வண்டி நிற்கிறது. எனவே ஈய விளக்கத்தை ஒரேயடியாக ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஆனால் சோதிக்க முடியும். வால்வு இருக்கை அமிழ்ந்தால் வால்வுத் தண்டு மேலே ஏறும், டேப்பட் இடைவெளி சுருங்கும். இந்த எஞ்சினில் அந்த இடைவெளி 0.25 மி.மீ. ஒவ்வொரு சர்வீசிலும் திருத்துவதற்கு முன் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தால், இரண்டு ஆண்டுகளில் விடை தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் டேப்பட் மட்டும் திரும்பத் திரும்ப இறுகினால் ஈய விளக்கம் உண்மை. இறுகவில்லை என்றால் வேறிடத்தில் தேட வேண்டும். இவ்வளவு மலிவான ஆதாரம் இருந்தும் அதை எழுதி வைக்கும் வழக்கம் பட்டறைகளில் அரிது.

ஆக்டேன் பற்றிய நம்பிக்கையும் இதோடு சேர்ந்தது. மலேசியாவில் 2009 முதல் ரோன் 95, அதாவது ஆக்டேன் எண் 95 கொண்டது, பொதுப் பெட்ரோல். ரோன் 97 போட்டால் இழுவை கூடும் என்று நினைத்து அதிக விலை கொடுப்பவர்கள் உண்டு. ஆக்டேன் எண் நாக்கிங்கைத் தாங்கும் திறனை மட்டும் சொல்கிறது, சக்தியை அல்ல. 7:1 அல்லது 8:1 கம்ப்ரஷன் விகிதமுள்ள இந்த எஞ்சினுக்கு ரோன் 95ஏ போதுமானதற்கு மேல். மலையில் சிலிண்டர் அழுத்தம் இன்னும் குறைவதால் அந்தத் தேவையும் குறைகிறது.

எத்தனால் மலேசியப் பெட்ரோலில் பொதுவாகக் கலப்பதில்லை என்பதால் இங்கே அந்த விவாதம் இல்லை. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இந்தியா 2025இல் 20 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டியதாக அறிவித்தது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய ரப்பர் டயஃப்ரம்களை அது பாதிக்கும், ஈரத்தையும் இழுக்கும். கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலியும். குன்னூர்ப் பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவரின் கவலை அடிப்படையற்றதல்ல. ஆனால் அதையும் மற்ற விளக்கங்கள் போலவே அளந்துதான் ஏற்க வேண்டும்.

## குளிர், ஈரம், கார்புரேட்டர் பனி

விமானிகள் நன்கு அறிந்த, தரை மெக்கானிக்குகள் அதிகம் பேசாத ஒரு காரணம் உண்டு. கார்புரேட்டர் தொண்டையில் காற்று விரிந்து, பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பநிலை 20 டிகிரி, சில நேரம் அதற்கு மேலும் இறங்கலாம். வெளியே 10 முதல் 20 டிகிரியும் காற்றில் ஈரமும் இருந்தால், உள்ளே த்ராட்டில் தட்டைச் சுற்றிப் பனிக்கட்டி படியும். கேமரன் மலையின் காலை நேரம் அந்த வரம்புக்குள் வருகிறது. அறிகுறி தனித்தன்மையானது. குளிர்ந்த எஞ்சின் கிளம்பிய சில நிமிடங்களில் இழுவை சரியும், ஐட்லிங் செத்துப்போகும். ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தால், எதையும் தொடாமலே சரியாகிவிடும். எஞ்சின் சூட்டில் பனி உருகி, தடயமும் மிஞ்சாது. பட்டறைக்குப் போனால் கோளாறே இல்லை என்பார்கள்.

இந்த மலை வண்டிகளில் இது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை அழுத்தமாகச் சொல்லும் ஆய்வு என் பார்வைக்கு வந்ததில்லை. வழக்கமான வண்டியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு இன்லெட்டின் அடிப்பகுதியைச் சுட்டு இதைத் தடுக்கிறது. அந்தச் சூட்டிடம் கரியால் அடைபட்டாலோ, மாற்று மேனிஃபோல்டு போட்டதாலோ அது போய்விட்டால், பனி விளக்கத்துக்கு வலு கூடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வெப்பநாடுகளில் பழகிப்போன ஒன்று. கீழே தாப்பாவில் அதற்கு ஓரளவு காரணம் சொல்லலாம். 1,500 மீட்டரில் அது எஞ்சினை என்றும் சூடேறாமல் வைத்திருக்கும். சூடேறாத எஞ்சினில் பெட்ரோல் சுவரோடு வழிந்து ஆயிலைக் கரைக்கும், சிலிண்டர் தேயும், பிளக் கறுக்கும். மூட்டை ஏற்றும்வரை ஐட்லிங்கில் நிற்கும் வண்டிக்கு இது இரட்டைக் கேடு.

## கையேட்டு எண்ணும் மலை எண்ணும்

எல்லா விளக்கங்களுக்கும் நடுவராக நிற்கக்கூடியவை கம்ப்ரஷன் கேஜும் வேக்கம் கேஜும்தான். கம்ப்ரஷன் சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் டியூனிங் செய்வது வீண்வேலை என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. ஆனால் மலையில் இக்கருவிகளைப் படிப்பதில் ஒரு பெரிய பிழை நடக்கிறது, அதை இங்கே விரித்துச் சொல்வது அவசியம்.

கையேடுகளில் உள்ள எண்கள் கடல்மட்டத்துக்கானவை. கீழே 150 பி.எஸ்.ஐ. காட்டும் நல்ல சிலிண்டர், 1,500 மீட்டரில் சுமார் 125தான் காட்டும். எஞ்சின் மாறவில்லை, அது விழுங்கத் தொடங்கும் காற்றின் அழுத்தம்தான் குறைந்திருக்கிறது. வேக்கம் கேஜும் அப்படியே. சமவெளியில் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் நல்ல அளவு. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு அங்குலம் கழிக்க வேண்டும். பிரிஞ்சாங்கில் 12 முதல் 16 அங்குலம் வந்தால் அது நோயல்ல. இதை அறியாத பட்டறையில் நல்ல எஞ்சினுக்கு ‘ரிங் போச்சு, போர் பண்ணணும்’ என்ற தீர்ப்பு விழலாம். அதற்கான செலவைத் தோட்டத்து டிரைவரோ சிறு விவசாயியோதான் தாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே மலையில் தனி எண்ணைவிட ஒப்பீடுதான் நம்பத்தக்கது. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்று கொடுத்து அளக்க வேண்டும். 124, 126, 122, 125 என்று வந்தால் அடிப்படையில் எஞ்சின் ஆரோக்கியம். 124, 126, 85, 125 என்று வந்தால் மூன்றாவதில் கோளாறு. அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தாழ்ந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

வேக்கம் கேஜில் முள் நிற்கும் இடத்தைவிட அது அசையும் விதம் அதிகம் பேசும். சீராகத் தாழ்ந்து நின்றால் டைமிங் பின்தங்கலோ மேனிஃபோல்டில் காற்றுக் கசிவோ இருக்கலாம். ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இறங்கினால் எரிந்த வால்வைச் சந்தேகிக்கலாம். வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்லச் சரிந்தால் சைலன்சர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவையும் உறுதியான தீர்ப்புகள் அல்ல. தேய்ந்த கேம்ஷாஃப்டும் தொய்ந்த டைமிங் செயினும் இந்த அடையாளங்களைக் கலைத்துவிடும்.

## எஞ்சினே காரணமில்லாதபோது

கையேடுகள் சுருக்கமாகக் கடந்துபோகும் பகுதி இது. சேறு படிந்த டிரம் பிரேக் விடாமல் உராய்ந்தால், வழுக்கும் கிளட்ச் சக்தியை விழுங்கினால், பெரிய டயர் போட்டு கியர் விகிதத்தையே மாற்றியிருந்தால், வண்டி இழுக்காது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது கார்புரேட்டர் தட்டு முழுக்கத் திறக்கிறதா என்று ஒருவர் மிதிக்க ஒருவர் பார்க்க வேண்டும். இணைப்புக் கம்பி தேய்ந்து முக்கால்தான் திறக்கும் வண்டிகள் இருக்கின்றன. சமதளத்தில் நியூட்ரலில் வண்டியைக் கையால் தள்ளிப் பார்ப்பது முதல் சோதனையாக இருக்க வேண்டும்.

## எஞ்சினையே மாற்றிவிடலாமா

எல்லா விவாதத்தையும் ஒரே அடியில் முடிக்கும் விடை, பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றுவது. தாழ்ந்த சுற்றில் இழுவை, குறைந்த எரிபொருள் செலவு, ஈரத்தில் கெட இக்னிஷனே இல்லை என்பவை அதன் வாதங்கள். வலுவான வாதங்கள்தான். டர்போ இருந்தால் உயர இழப்பும் பெரிதும் ஈடாகிவிடும்.

ஆனால் இந்த விடை எரிபொருள் விலையின் மேல் நிற்கிறது, அது அண்மையில் அசைந்தது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியம் திருத்தப்பட்டபோது லிட்டர் விலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. தகுதியுள்ளோருக்கு ரொக்க உதவி வந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு ரோன் 95 1.99 ரிங்கிட்டாக வைக்கப்பட்டது. பழைய கணக்கில் தெளிவாக வென்ற டீசல், புதிய கணக்கில் ஒவ்வொருவரின் தகுதியையும் ஓட்டத்தையும் பொறுத்தது. மேலும், கனமான டீசல் எஞ்சினின் முறுக்கு விசையைப் பழைய கியர்பாக்ஸும் பின் அச்சும் எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு வண்டிக்கு வண்டி விடை மாறுகிறது. நல்ல பெட்ரோல் எஞ்சினைத் தவறான கம்ப்ரஷன் கணக்கால் குப்பைக்கு அனுப்பிவிட்டு டீசல் ஏற்றுவது இதில் மிக வருந்தத்தக்க நிலை.

## தீர்ந்தவையும் தீராதவையும்

சில விஷயங்களில் இப்போது பெரிய ஐயமில்லை. 1,500 மீட்டர் உயரம் சுமார் எட்டில் ஒரு பங்கு சக்தியை எடுக்கிறது, அதற்கு மேல் இழந்ததற்கு வேறு காரணம் உண்டு. பிரேக்கும் த்ராட்டிலும் முதலில், பிறகு கம்ப்ரஷன், பிறகு ஸ்பார்க், கடைசியில் கார்புரேட்டர் என்ற வரிசை, தலைகீழாகப் போவதைவிடக் குறைந்த செலவில் விடை தருகிறது. உயர்ந்த ஆக்டேன் இந்த எஞ்சினுக்குச் சக்தி தராது.

ஈயம் இல்லாத கால் நூற்றாண்டுக்குப் பிறகு, தாழ்ந்த சுற்றில் அதிகப் பாரம் இழுக்கும் தோட்டத்து எஞ்சின்களில் வால்வு இருக்கைகள் உண்மையில் எந்த நிலையில் இருக்கின்றன என்பது இன்னும் திறந்த கேள்வி. அமெரிக்கச் சோதனை வயல் வேலைக்கானது, மலைச்சரிவுக்கானதல்ல. கார்புரேட்டர் பனி காலை நேரத் திணறலில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதும் அப்படியே. மலைக்கென்று சிறிய ஜெட் போட்ட வண்டி, சரக்கோடு அடிக்கடி தாப்பாவுக்கு இறங்க வேண்டியிருந்தால், கீழே மெலிந்த கலவையில் ஓடி வால்வை எரிக்குமா, அந்த ஆபத்துக்கு மேலே கிடைக்கும் லாபம் ஈடாகுமா என்பதில் போர்மேன்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மலையைவிட்டு இறங்காத வண்டிக்குச் சிறிய ஜெட்டும், இறங்கும் வண்டிக்குக் கையேட்டு ஜெட்டும் என்று பிரிப்பதே இப்போதைக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் மலையிலேயே ஓடி, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு வாரந்தோறும் இறங்கிப் போய்வரும் வண்டிகளுக்கு இந்தப் பிரிப்பும் உதவாது. அவற்றில் சிலவற்றின் பிளக் நிறமும் டேப்பட் இடைவெளியும் ஓராண்டு குறித்து வைக்கப்பட்டால், ஜெட் பற்றிய கேள்வியையும் ஈயம் பற்றிய கேள்வியையும் ஒரே நோட்டிலிருந்து பேச முடியும்.